தொடர்மாடி லிஃப்டைப் பரிசோதிப்பது யார்? சட்டம் மாறும்போது நாம் என்ன கேட்க வேண்டும்?

மரைன்டிரைவ்_7ஆம்மாடி எழுதியது:

ஒரு கேள்வியை நேராகவே கேட்கிறேன். உங்கள் தொடர்மாடியில் இருக்கும் லிஃப்டை, அதைச் சர்வீஸ் பண்ணும் கொம்பனியைத் தவிர வேறு யாராவது கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்?

எங்கள் கட்டடம் கொழும்பு வெள்ளவத்தையில், ஒன்பது மாடி. லிஃப்ட் கோப்பு முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். கட்டி முடித்த காலத்தில் கொடுத்த சோதனை அறிக்கை ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் மாதாந்த சர்வீஸ் தாள்கள்தான். துப்புரவு செய்தோம், எண்ணெய் இட்டோம், சரியாக இயங்குகிறது என்று எல்லா மாதமும் ஒரே வரி. பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கயிற்றின் தடிப்பு என்ன, கவர்னரை (வேகம் மிஞ்சினால் லிஃப்டைப் பிடித்து நிறுத்த வைக்கும் கருவி) ஒருக்காவது இழுத்துப் பார்த்தார்களா என்று ஒரு தாளிலும் இல்லை.

தொழிற்சாலையில் இருக்கும் லிஃப்டுக்கு நிலைமை வேறு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி லிஃப்ட், கொதிகலன் போன்றவற்றைக் குறித்த கால இடைவெளியில் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும். அந்தச் சட்டம் தொழிற்சாலைக்குத்தான். கடுவெலப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஏற்றும் லிஃப்டுக்கு இருக்கும் காவல், என் அம்மா தினமும் கோயிலுக்கு இறங்கி ஏறும் லிஃப்டுக்கு இல்லை.

அந்தப் பழைய சட்டத்தை மாற்றி, வேலைத்தளப் பாதுகாப்புக்குப் புதிய சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற கதை நீண்ட காலமாக நடக்கிறது. அது மேசைக்கு வரும்போது, ஆட்கள் குடியிருக்கும் கட்டடங்களின் லிஃப்டையும் உள்ளே சேர்க்கச் சொல்லி நாம் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். என் கோரிக்கையின் சாரம் இது: சர்வீஸ் பண்ணுபவர் வேறு, பரிசோதிப்பவர் வேறாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் (பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டு விதிகள் ஆட்கள் ஏறும் லிஃப்டுக்கு அதைத்தான் கேட்கின்றன). முடிவை லிஃப்டுக்குள்ளேயே தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் ஒட்ட வேண்டும்.

எல்லோரும் எழுதுங்கள். எதிர்ப்பவர்களும் எழுதுங்கள்.

---

பொருளாளர்_கொழும்பு06 எழுதியது:

எதிர்ப்பவனாகவே வருகிறேன்.

எங்கள் கட்டடத்தில் முப்பது வீடு. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுபவர்கள் பாதிக்குக் கொஞ்சம் கூட. வீட்டுக்காரர் லண்டனில், வாடகைக்காரர் "அது ஓனரின் வேலை" என்பார். ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் மோட்டர், செக்குரிட்டி சம்பளம், பொதுப் பகுதி கரண்ட் பில். இவை போக மிஞ்சுவதில்தான் லிஃப்ட் சர்வீஸ் காசு. இப்போது இன்னொருவரைக் கூட்டி வந்து அவருக்கும் ஃபீஸ் கட்டு என்று சட்டம் சொன்னால், அந்தக் காசை நான்தான் கதவு கதவாகத் தட்டிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சான்றிதழ் என்று ஒன்று வந்தவுடன் அதை வீட்டில் இருந்தபடியே எழுதிக் கொடுக்கிற ஆட்களும் வந்துவிடுவார்கள். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து ஆட்கள் நிம்மதியாக இருப்பார்கள். தாள் இல்லாத இன்றைய நிலைமையை விட அது மோசம்.

---

லிஃப்ட்_டெக்னீஷியன் எழுதியது:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். கொம்பனிப் பெயர் வேண்டாம். பொருளாளர் அண்ணா சொல்லும் காசுப் பிரச்சினை உண்மை. ஆனால் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அந்தக் காசு எதற்கு என்று விளங்கும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழும் என்றுதான் எல்லோருக்கும் பயம். கயிறு ஒன்றல்ல, மூன்று, நான்கு, ஐந்து என்று இருக்கும். மூன்று கயிறோ அதற்கு மேலோ இருக்கும் லிஃப்டில், சுமக்க வேண்டிய பாரத்தைப்போல் 12 மடங்காவது தாங்கும் பலம் அவற்றுக்கு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். எல்லாம் அறுந்தாலும்கூட, வேகம் கூடியவுடன் கவர்னர் இழுபட்டு, பெட்டியின் அடியில் இருக்கும் சேஃப்டி கியர் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் இறுகக் கவ்விவிடும். ஆனால் கவர்னர் துருப்பிடித்து இறுகியிருந்தால் இது எதுவும் நடக்காது. மரைன் டிரைவ் பக்கத்துக் கட்டடங்களில் மோட்டர் அறை ஜன்னலை எப்போதும் திறந்து விட்டிருப்பார்கள். உப்புக் காற்று நேராக உள்ளே வரும்.

உண்மையில் நான் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு.

ஒன்று பிரேக். பெட்டிக்கு எதிரே ஓடும் எதிர்ப்பாரத்தில், வெறும் பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் 40 முதல் 50 சதவீதம் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆகவே ஒருவரோ இருவரோ நிற்கும் பெட்டியில் பிரேக் வழுக்கினால் அது கீழே போகாது, மேலே ஓடும். கதவு திறந்து ஆள் காலை வெளியே வைக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைத் தடுக்கும் தனிப் பாதுகாப்பை ஐரோப்பியத் தரத்தில் 2009இல் சேர்த்து 2012 முதல் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்னர் பூட்டிய லிஃப்ட் கொழும்பில் எத்தனையோ ஓடுகிறது. அவற்றில் பிரேக் ஒன்றுதான் காவல்.

மற்றது கதவு. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு மின் தொடர்பு உண்டு. கதவு முழுதாகப் பூட்டுப்பட்டால்தான் லிஃப்ட் ஓடும். அந்தத் தொடர்பு கறுத்தோ தேய்ந்தோ போனால் லிஃப்ட் நின்றுவிடும். எந்த மாடியில் பிழை என்று தேட, கொன்ட்ரோல் பெட்டியில் ஒரு சிறு வயரைப் போட்டு அந்தத் தொடர்பைத் தாண்ட வைப்போம். அது தேடுவதற்கு மட்டும்தான். ஆனால் கீழே ஆட்கள் நின்று சத்தம் போடுவார்கள், அடுத்த இடத்திலிருந்து போன் வந்தபடி இருக்கும், மாற்றுவதற்குச் சாமான் கையில் இருக்காது. அந்த வயர் அப்படியே கிடந்துவிட்டால் கதவு திறந்தபடியே பெட்டி போகும். அல்லது பெட்டி இல்லாத இடத்தில் கதவு திறந்திருந்தும் லிஃப்ட் நிற்காது. 2014இல் வந்த புதிய ஐரோப்பியத் தரத்தில், இந்த வேலைக்கென்றே ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார்கள். அதைத் திருப்பினால் சாதாரண ஓட்டம் நின்று, பரிசோதனை ஓட்டம் மட்டும் வேலை செய்யும். நியூயோர்க் நகரத்தில் ஒரு படி மேலே போய், கதவுத் தொடர்பு பிழைத்தாலோ வயர் போட்டுத் தாண்டவைத்தாலோ லிஃப்ட் தானே கண்டுபிடித்து நிற்கும் ஏற்பாட்டை, ஏற்கெனவே ஓடும் லிஃப்டுகளுக்கும் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள்.

பரிசோதகர் வெளியாளாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த வயரைப் போட்டவனும் அது இருக்கிறதா என்று பார்ப்பவனும் ஒரே கொம்பனிக்காரன் என்றால், தாளில் அது வராது. எங்களுக்கும் வெளியாள் வருவது நல்லது. சாமான் மாற்ற வேண்டும் என்று நாங்கள் சொன்னால் "காசு பறிக்கிறார்கள்" என்பீர்கள். மூன்றாம் ஆள் எழுதிக் கொடுத்தால் நம்புவீர்கள்.

---

பேத்தியோடு_பம்பலப்பிட்டி எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் செக்குரிட்டியிடம் போய்க் கேட்டேன், லிஃப்ட் நின்றால் என்ன செய்வாய் என்று. சட்டைப் பையிலிருந்து முக்கோண வாய் உள்ள ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். அதால் எந்த மாடியிலும் கதவைத் திறக்கலாமாம். யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை, முன்பு நின்றவர் கொடுத்துவிட்டுப் போனது என்றார்.

2022இல் மின்வெட்டுக் காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. அப்போது லிஃப்டில் மாட்டுப்பட்டவர்களை இந்த மாதிரித்தான் இழுத்து எடுத்தார்கள். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற பெட்டியிலிருந்து ஒரு பெரியவரைக் கையைப் பிடித்துக் கீழே குதிக்க வைத்ததை நான் பார்த்தேன். கீழே அந்த இடைவெளி இருட்டாகத் தெரிந்தது.

உங்கள் கோரிக்கையில் செக்குரிட்டிக்குப் பயிற்சி என்பதையும் தயவுசெய்து சேருங்கள்.

---

லிஃப்ட்_டெக்னீஷியன் எழுதியது:

அக்கா, அந்தச் சாவியை இன்றைக்கே வாங்கி அலுவலகத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பயிற்சி எடுத்த ஆள் மட்டும்தான் தொடலாம். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற பெட்டியிலிருந்து ஏறியோ குதித்தோ இறங்கவே கூடாது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியால் கிடங்குக்குள் (லிஃப்ட் ஓடும் குழியின் அடி) விழுந்துதான் ஆட்கள் சாகிறார்கள். உள்ளே காற்று தாராளமாக வரும், மூச்சு முட்டாது. பெல்லை அடித்துவிட்டுக் காத்திருப்பதுதான் பாதுகாப்பு. ஆபத்து என்றால் தீயணைப்புப் படைக்கு 110.

கரண்ட் போனால் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் பட்டரி அமைப்பு பல லிஃப்டில் இருக்கிறது. பட்டரி சில வருடங்களில் செத்துவிடும். யாரும் மாற்றுவதில்லை. இதைச் சோதிப்பது மிகச் சுகம்: ஆளில்லாத நேரத்தில் மெயினை நிறுத்திப் பார்த்தால் சரி. பரிசோதனைப் பட்டியலில் இது கட்டாயம் வர வேண்டும்.

---

வனாத்தமுல்லைப்_பக்கம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் காலி வீதித் தொடர்மாடிகளை வைத்துக் கதைக்கிறீர்கள். நகரத்துக் குடிசைத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டை உடைத்து எங்களைப்ப் பன்னிரண்டு மாடிக்கு ஏற்றினார்கள். எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. இரண்டு லிஃப்ட். ஒன்று நின்று மாதக்கணக்காகிறது. மற்றது ஓடும் நாளில் ஓடும்.

என் அப்பாவுக்குப் பாரிசவாதம். கிளினிக் நாளில் லிஃப்ட் ஓடாவிட்டால் நானும் தம்பியும் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்குவோம். கர்ப்பிணிப் பெண்கள், காஸ் சிலிண்டர் தூக்குபவர்கள், எல்லோரும் படிதான்.

நீங்கள் கேட்கும் விதி வந்து, பரிசோதகர் வந்து, "இது பாதுகாப்பில்லை" என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரே லிஃப்டுக்கும் சீல் வைத்துவிட்டுப் போனால் எங்கள் கதி என்ன? மூடுவதற்கு மட்டும் சட்டம் எழுதாதீர்கள். எத்தனை நாளில் திருத்த வேண்டும், யார் காசு கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் அதில்தான் ஏறுகிறார்கள்.

---

மரைன்டிரைவ்_7ஆம்மாடி எழுதியது:

நீங்கள் எழுதியதை நான் நினைத்திருக்கவே இல்லை, நன்றி. திருத்துவதற்கான காலக்கெடுவும் பணத்துக்கான பொறுப்பும் கடிதத்தில் வராமல் இதை அனுப்ப மாட்டோம்.

---

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

ஒருகாலத்தில் ராமகிருஷ்ண வீதிக்காரன். இப்போது பதினேழாம் மாடி.

வனாத்தமுல்லை நண்பர் கேட்டதற்கு இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே லிஃப்ட், கொதிகலன், எரிவாயு எல்லாவற்றையும் ஒரே பாதுகாப்பு அதிகாரசபை பார்க்கிறது. 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் அனுமதிப்பத்திரம், வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் தகுதிச் சான்றிதழ். இவ்வளவு இருந்தும் மக்களின் பெரிய முறைப்பாடு விபத்து அல்ல, லிஃப்ட் நாள்கணக்கில் ஓடாமல் நிற்பதுதான். வயோதிபர்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போனார்கள். அதன் பிறகு, 2022 யூலையிலிருந்து, குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் 48 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அதை அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

இங்கே விதியை மாற்றுவதற்கு முன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பார்கள். கட்டட உரிமையாளரும் எழுதுவார், தொழிற்சங்கமும் எழுதும், என்னைப் போல் ஒருவனும் எழுதலாம். வரைவு வரும் வரை காத்திராமல் முதலே எழுதி வைப்பது நல்ல யோசனை. கடைசி நேரத்தில் எழுதினால் கொம்பனிக்காரர்களின் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

---

புதுக்கடை_சட்டம் எழுதியது:

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் தெளிவாக்குகிறேன்.

தொடர்மாடிகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஆதனச் சட்டம் இருக்கிறது. 1982இலும் 2003இலும் திருத்தப்பட்டது. பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு. லிஃப்டும் அதில் அடங்கும். மேலே இருந்து பார்க்கும் நிறுவனம் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபை. ஆனால் "பராமரி" என்று பொதுவாகச் சொல்வதும், இத்தனை மாதத்துக்கு ஒருமுறை, இன்ன தகுதி உள்ளவரைக் கொண்டு பரிசோதித்து, அறிக்கையை இன்ன இடத்தில் கொடு என்று சொல்வதும் ஒன்றல்ல. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கட்டடம் கட்டும் பக்கத்தில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அதன் கீழ் 2021 யூலையில் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. கட்டி முடித்ததும் சி.ஓ.சி. (விதிப்படி கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ்) எடுப்பது அதன் கீழ்தான். சி.ஓ.சி. கொடுத்த நாளில் லிஃப்ட் புதிது. பதினைந்து வருடம் கழித்து அதன் பிரேக் எப்படி இருக்கிறது என்பதற்கு அந்தத் தாள் பதில் சொல்லாது.

எனவே முழுப் புதிய சட்டத்துக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம் என்பது என் யோசனை. பாராளுமன்றத்துக்குப் போகும் சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபடும். ஏற்கெனவே இருக்கும் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதியாகக் கொண்டுவரக் கேட்டால் வர்த்தமானி அறிவித்தலோடு வேலை நடக்கும். இரண்டு வழியையும் கடிதத்தில் போடுவோம்.

பொருளாளர் அண்ணாவுக்கு ஒன்று. யாராவது காயப்பட்டு வழக்குப் போட்டால், நம் நாட்டில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்கலாம். வழக்கு கூட்டுத்தாபனத்தின் மேல் வரும். "மாதாமாதம் சர்வீஸ் நடந்தது" என்ற தாள் உங்களைக் காப்பாற்றும் என்று நான் உறுதி தர மாட்டேன். வெளிப் பரிசோதகரின் அறிக்கையும், அதன்படி திருத்திய பில்லும் இருந்தால் உங்கள் நிலை வேறு.

---

தெஹிவளை_காஸ்பேங்க் எழுதியது:

லிஃப்டோடு நிறுத்த வேண்டாமே. எங்கள் கட்டடத்தில் கீழே ஒரு அறையில் காஸ் சிலிண்டர்களை வரிசையாக வைத்துக் குழாயில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கிறார்கள். அந்தக் குழாயை யார் பரிசோதிக்கிறார்கள்? 2021 கடைசியில் காஸ் வெடிப்புகள் தொடர்ந்து நடந்த நேரம் வீட்டுக்கு வீடு பயம். ஜனாதிபதி குழு நியமித்தார், சிலிண்டரில் புரோப்பேன், பியூட்டேன் எவ்வளவு என்று ஊரே கதைத்தது. அந்தப் பயம் போனதும் ரெகுலேட்டரையும் குழாயையும் பற்றிய கதையும் போய்விட்டது. ஜெனரேட்டர் அறைப் புகை, தீயணைப்புக் குழாயில் தண்ணீர் அழுத்தம், எல்லாவற்றையும் ஒரே விதியில் கேட்போம்.

---

மரைன்டிரைவ்_7ஆம்மாடி எழுதியது:

உங்கள் கவலை நியாயம்தான், ஆனால் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் போட எனக்கு விருப்பமில்லை. தீ விஷயம் மாநகர சபைத் தீயணைப்புப் படையோடு, மின்சாரம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவோடு, காஸ் இன்னொரு பக்கம். ஒவ்வொரு அலுவலகமும் "இது எங்கள் விடயம் அல்ல" என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும். லிஃப்டை மட்டும் பிடித்து ஒருக்கால் வெல்வோம். காஸுக்கு நீங்கள் தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக நான் வந்து எழுதுகிறேன்.

---

பொருளாளர்_கொழும்பு06 எழுதியது:

டெக்னீஷியன் தம்பி எழுதிய வயர் விஷயத்தைப் படித்த இரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை. அதனால் எதிர்ப்பு என்பதை விட்டு, எந்த நிபந்தனையில் ஒப்புக்கொள்வேன் என்று எழுதுகிறேன்.

கட்டணத்தைச் சட்டமே வரையறுக்க வேண்டும். பரிசோதகர் கேட்கிறபடி கொடுக்க எங்களால் ஏலாது. அந்தச் செலவைக் கட்டாயப் பராமரிப்புச் செலவு என்று சட்டம் சொன்னால், கட்டாதவரிடம் அறவிட எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பழைய லிஃப்டுக்குக் கால அவகாசம் வேண்டும். வட்ட முனை பிளக்குகளை விட்டு 13 அம்பியர் சதுர முனைக்கு மாறச் சொன்னபோது ஒரே நாளில் வீடுகளை உடைக்கச் சொல்லவில்லை. முதலில் அறிவித்து, 2018இல்தான் பழையதை விற்பதை நிறுத்தினார்கள். அதைப்போல் பிரேக், கதவு, பட்டரி மூன்றும் உடனே, மற்ற நவீன ஏற்பாடுகளுக்குச் சில வருடம் என்று பிரியுங்கள்.

பொய்ச் சான்றிதழ் எழுதுபவருக்கு அனுமதிப்பத்திரம் போக வேண்டும். ஒரே பரிசோதகர் ஒரே கட்டடத்துக்குத் தொடர்ந்து வரக் கூடாது.

---

சிங்கப்பூரில்_சிலகாலம் எழுதியது:

சிங்கப்பூரில் 2016இல் கொண்டுவந்த விதிகளின்படி லிஃப்டை ஓட்டுவதற்கு வருடாவருடம் அனுமதி எடுக்க வேண்டும். குறைந்தது மாதம் ஒருமுறை சர்வீஸ். அந்த அனுமதித் தாள் லிஃப்டுக்குள்ளேயே தெரியும்படி இருக்கும். அங்கே இருந்த காலத்தில் ஏறியவுடன் அந்தத் திகதியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் 1997இலிருந்து லிஃப்டுக்கென்றே சட்டம் இருக்கிறது, உரிமம் எடுக்காமல் ஓட்ட முடியாது. பக்கத்து ஊர்களில் இருப்பதைத்தான் கேட்கிறோம். பணக்கார நாட்டுக் கனவு என்று யாராவது சொன்னால் தமிழ்நாட்டைக் காட்டுங்கள்.

ஒரு சந்தேகம்: இத்தனை கட்டடத்துக்கும் போதிய பரிசோதகர் இங்கே இருக்கிறார்களா?

---

லிஃப்ட்_டெக்னீஷியன் எழுதியது:

உடனே போதாது. தொழிற்சாலைப் பக்கம் அதிகாரம் பெற்ற அலுவலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்களிலிருந்து தொடங்கலாம். முதலில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய லிஃப்ட், கடற்கரைப் பக்கத்து லிஃப்ட், ஆஸ்பத்திரிகள் என்று போனால் ஆளும் பழகும், எண்ணிக்கையும் தாங்கும்.

இன்னொன்றையும் சேருங்கள். கிடங்குக்குள்ளும் பெட்டியின் கூரை மேலும் வேலை செய்யும் எங்களைப் பற்றி ஒரு வரி. ஒருவன் மட்டும் தனியே வேலைக்குப் போகக் கூடாது. எங்களில் ஒருவருக்கு ஏதாவது நடந்தால் 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் குடும்பத்துக்குக் காசு கேட்கலாம். அதற்கு முதல் ஆள் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

---

மரைன்டிரைவ்_7ஆம்மாடி எழுதியது:

இதுவரை வந்ததை வைத்து வரைவு இப்படி நிற்கிறது. சர்வீஸ் கொம்பனியோடு தொடர்பில்லாத, அனுமதி பெற்ற பரிசோதகர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிரேக், கவர்னர், எல்லா மாடிக் கதவுத் தொடர்புகள், மீட்புப் பட்டரி, பெல் ஆகியவை எழுத்தில், அளவுகளோடு. ஒரே பரிசோதகர் தொடர்ந்து வரக் கூடாது, கட்டணம் வர்த்தமானியில். முடிவு லிஃப்டுக்குள் மூன்று மொழியில். மாடிச் சாவி பயிற்சி பெற்றவரிடம் மட்டும். லிஃப்ட் 48 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அதிகார சபைக்கு அறிவித்தல். அரசு கட்டிக் கொடுத்த தொடர்மாடிகளில் திருத்தச் செலவு அரசின் பொறுப்பு, காலக்கெடுவோடு. தனியே வேலைக்கு அனுப்பத் தடை.

வனாத்தமுல்லை நண்பரே, காலக்கெடு எத்தனை நாள் என்று போடுவது? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

வனாத்தமுல்லைப்_பக்கம் எழுதியது:

கட்டடத்தில் வேறு லிஃப்ட் ஓடினால் பதினான்கு நாள். ஒரே லிஃப்ட் என்றால் ஏழு. அதற்குள் முடியாவிட்டால் நடக்க ஏலாதவர்களை இறக்கி ஏற்ற ஆள் வைத்துத் தர வேண்டும். இதைக் குறைக்க வேண்டாம்.

---

புதுக்கடை_சட்டம் எழுதியது:

அப்படியே போடுகிறேன். சிங்களப் பிரதியை நானே எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள். கையெழுத்து வைப்பவர்கள் எத்தனை மாடிக் கட்டடம், லிஃப்ட் எந்த வருடம் பூட்டியது, கடைசியாக வெளியாள் பரிசோதித்த திகதி என்ன என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். திகதி இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதுங்கள்.